லட்டுவுக்குக் குணம் சரியில்லையாம்

என்னை முதன்முதலாகக் கடித்த சுகர் கிளைடர் இரண்டு கோழிமுட்டை எடைதான் இருந்திருக்கும். கடி வாங்கியவுடன் நான் என்ன செய்தேன் என்றால், பெரிய ஆமைகளை நிறுப்பதற்காகத் தரையில் வைத்திருந்த தராசின் மேல் ஏறி நின்று "ஐயோ அம்மா" என்று கத்தினேன். தராசு தன் கடமையைச் செய்தது. என் எடையைச் சுவரில் சிவப்பு எண்களில் காட்டியது. காத்திருந்தவர்கள் எல்லோரும் வாசித்தார்கள். கடித்த பிராணியோ திரும்பத் தன் துணிப்பைக்குள் போய்ச் சுருண்டு படுத்துவிட்டது. இந்த இரண்டில் எதற்குக் குணம் சரியில்லை என்று அங்கே ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால் நான் அமோகமாக வென்றிருப்பேன்.

நான் வேலை பார்த்தது ஸ்காபரோவில், ஒரு பிளாசாவில், சேலைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்த மிருக வைத்தியசாலையில். அங்கே நாய், பூனை பார்ப்பதில்லை. முயல், கிளி, ஓணான், பாம்பு, முள்ளெலி, ஆமை ஆகியவை வரும். அவற்றைத் தூக்கிக்கொண்டு மனிதர்கள் வருவார்கள். கஷ்டம் அங்கேதான். என் உத்தியோகத்தின் பெயர் உதவியாளர். உண்மையில் என் வேலை பிடிப்பது. டொக்டர் சோதிக்கும்போது பிராணியைப் பிடிக்க வேண்டும். டொக்டர் சொன்னதைத் தமிழில் சொல்லும்போது சொந்தக்காரரைப் பிடிக்க வேண்டும். சென்ற வருடம் என் இடுப்பு ஓய்வு கேட்டது. இடுப்பைத் தனியே வீட்டுக்கு அனுப்ப வழியில்லாததால் ஐம்பத்தாறு வயதில் நானும் கூடவே வந்துவிட்டேன்.

இப்போது என் இடத்தில் நின்று கடி வாங்குகிறவள் தர்ஷி. போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"குலம் அண்ணை, சனம் போனில வீடியோவைப் பாத்திட்டு வரிசையா சுகர் கிளைடர் வாங்குது. வாங்கிப்போட்டு, குணம் சரியில்லை எண்டு எங்களிட்டக் கொண்டு வருது. நான் சொன்னா ஒருத்தரும் கேக்கினம் இல்லை. நீங்கள் ஒருக்கா எழுதுங்கோவன்."

"நான் எழுதினா மட்டும் கேப்பினமோ?"

"உங்களைப் பாத்துச் சிரிக்கவெண்டாலும் வாசிப்பினம் அண்ணை."

இத்தனை வருட சேவைக்கு இப்படி ஒரு நற்சான்று. சரி, எழுதுகிறேன்.

படித்த கதையை நீட்டினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இந்த நாட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நின்று, பீட்சா பெட்டி மடித்து, பின்னேர வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கினேன். நேர்முகப் பரீட்சையில் டொக்டர் யூனிஸ் என் கையில் ஒரு முள்ளெலியை வைத்து, "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"நீ பொய் சொல்வது இதற்குத் தெரிந்துவிட்டது, முள்ளை நிமிர்த்துகிறது பார். பரவாயில்லை. வருகிற ஆட்களுக்குத் தெரியாது. தமிழ் பேசுவாய்தானே? திங்கட்கிழமை வா" என்றார்.

சுகர் கிளைடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாம்பல் நிறம். மூக்கிலிருந்து முதுகு வழியாக ஒரு கறுப்புக் கோடு. முகத்தில் பாதி கண். முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரை ஒரு தோல் விரிப்பு. அதை விரித்து மரத்துக்கு மரம், நம் வீடுகளில் திரைச்சீலைக்குத் திரைச்சீலை, மிதந்து போகும். முதுகுக் கோட்டைக் கண்டவுடன் எங்கள் ஆட்கள் "அட, அணில்பிள்ளை" என்று கையை நீட்டுவார்கள். அது அணிலே இல்லை. கங்காருவின் தூரத்துச் சொந்தம். வயிற்றில் பை வைத்துக் குட்டி வளர்க்கிற சாதி. அணில் என்று நினைத்து நீட்டிய விரல்களுக்கு நான் போட்ட பிளாஸ்டர்களை ஒட்டி வைத்தால் டோர்செட் பார்க்கிலிருந்து பிக்கரிங் வரை போகும்.

சின்ன உடம்பு என்றால் சின்னக் குணம் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. சட்டைப்பைக்குள் அடங்குகிறது, ஆகவே சொல்லுக்கும் அடங்கும் என்று நினைக்கிறார்கள். வாங்கிய அன்றே தோளில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப் போகலாம் என்று ஒருவர் நினைத்தார். அது அவருடைய தோளிலிருந்து வாழைப்பழச் சீப்புக்குப் பறந்து, அங்கிருந்து ஒரு அம்மாவின் கொண்டைக்குப் பறந்தது. அவர் வந்து எங்களிடம் கேட்ட கேள்வி: "உந்தப் பிராணியை எப்பிடித் திருத்திறது?" டொக்டர் சொன்ன பதிலை நான் முழுவதும் மொழிபெயர்க்கவில்லை.

இன்னொருவர், "நாள் முழுக்க என்ர பொக்கெற்றுக்குள்ளேயே நித்திரை. என்னில அவ்வளவு பாசம்" என்றார். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பொக்கெற் இருட்டாக இருந்தது, சூடாக இருந்தது, பகலாக இருந்தது. அந்த நேரத்தில் அது வருமான வரி இலாகா அதிகாரியின் பொக்கெற்றிலும் அதே பாசத்தோடு நித்திரை கொண்டிருக்கும். உண்மையான ஒட்டுதல் வேறு. வாசனை பிடித்து, குரல் பிடித்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் பொம்மை வாங்கலாம்.

"ஒண்டை மட்டும் வளத்தாத்தான் எங்களோட ஒட்டும்" என்பது மற்றொன்று. இது கூட்டமாக வாழ்கிற பிராணி. தனியே விட்டால் தன் வாலையே கடித்துக்கொள்ளும் அளவுக்கு மனம் உடைந்துபோகும். ஒரு மனிதனைத் தனி அறையில் பூட்டிவிட்டு, சாப்பாடு கொண்டுபோகும்போது அவன் ஓடிவருவதைப் பார்த்து "என்னில என்ன விருப்பம் பாருங்கோ" என்று சொல்வீர்களா? சொல்வீர்கள். வீடியோவும் எடுப்பீர்கள்.

பிறகு, அந்தச் சொட்டை. வளர்ந்த ஆண் கிளைடருக்கு உச்சந்தலையில் ஒரு இடத்தில் மயிர் கொட்டிவிடும். வாசனைச் சுரப்பி இருக்கும் இடம். வருத்தம் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். "இது நோயல்ல, முழு வளர்ச்சி பெற்ற ஆண் என்பதன் அடையாளம்" என்று டொக்டர் முதன்முதலாகச் சொன்ன நாளிலிருந்து நான் தொப்பி போடுவதை விட்டுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சத்தம். பயந்தால் சுகர் கிளைடர் ஒரு சத்தம் போடும். பழைய மிக்ஸியில் காய்ந்த மல்லியைப் போட்டு மூடியில்லாமல் அரைத்தால் எப்படியோ அப்படி. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அது வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கேட்டவர்கள் பேய் என்பார்கள், பொல்லாத குணம் என்பார்கள், மூதேவி என்பார்கள். அது பயம். வெறும் பயம். நான் தராசின் மேல் நின்று போட்ட சத்தமும் அதுதான். என்னை யாரும் பொல்லாதவன் என்று சொல்லவில்லையே.

டொக்டர் யூனிஸ் இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். கிளைடர் வந்தால் முதலில் மேசைக்கு மேலே எரியும் விளக்கை அணைப்பார். கதவைச் சாத்துவார். பிறகு உட்காருவார், ஒருபோதும் நின்றுகொண்டு குனியமாட்டார். "மேலிருந்து வருகிற எதுவும் இதற்கு ஆந்தைதான்" என்பார். அது படுத்திருக்கும் துணிப்பையை வாங்கி, பையின் வெளிப்பக்கத்தில் தன் இரண்டு கைகளையும் தேய்ப்பார், தன் மணம் அதற்கும் அதன் மணம் தனக்கும் சேரும்படி. பையின் வாயை ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. எங்கள் ஆட்களைப் பேசாமல் இருக்கச் செய்வதுதான் அந்தச் சோதனையிலேயே மிகக் கடினமான கட்டம்.

அதன் பிறகு வால். பிறகு ஒரு பின்னங்கால், பிறகு மற்றது. பார்க்கிற பகுதி மட்டும் வெளியே, மிச்சம் இருட்டுக்குள்ளே. என் வேலை பையை வெளியிலிருந்து பிடிப்பது. சுடுதேநீர்க் கோப்பையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும்: இறுக்கினாலும் பிழை, விட்டாலும் பிழை. முகம் கடைசியில். அதற்குள் டொக்டரின் விரல் நுனியில் ஒரு துளி தேன் வந்திருக்கும். அதை நக்குகிற நேரத்தில் பல், பல்லைப் பிடிக்கும் முரசு, கண் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவார்.

'குணம்' என்ற சொல் அந்த அறைக்குள் தடை. யாராவது "இதன் குணம் சரியில்லை" என்றால், "என்ன செய்தது?" என்று கேட்பார். "கடித்தது." "அதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பார். அத்தோடு பெரும்பாலும் ஆட்கள் தங்கள் பிளாஸ்டரைப் பார்க்கத் தொடங்குவார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. ஆனால் பிழையான ஒரு கருத்தைத் திருத்தாமல் ஒருவரையும் கதவு தாண்ட விட்டதும் கிடையாது. கார் கதவைத் திறந்துகொண்டிருந்தவரைக்கூடக் கையுறையோடு ஓடிப்போய்த் திருத்திவிட்டு வந்திருக்கிறார்.

இனி ராஜேஸ் அக்கா கதைக்கு வருகிறேன்.

டோர்செட் பார்க்கில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ராஜேஸ் அக்காவும் மகள் அபியும் இருந்தார்கள். இரண்டே பேர். அபி கல்லூரி மாணவி. அம்மாவைக் கேட்காமல் யாரிடமோ ஒரு சுகர் கிளைடரை வாங்கி வந்து, லட்டு என்று பெயர் வைத்துவிட்டாள். பனி தொடங்கிய காலத்தில் இருவரும் அதைக் கொண்டு முதல்முறை வந்தார்கள்.

"தம்பி, டொக்டரிட்டச் சொல்லுங்கோ. உதுக்குக் குணம் சரியில்லை. கூடு துடைக்கக் கையை வைச்சாக் காணும், சன்னதம் வந்த மாதிரிக் கத்துது. என்னை ரெண்டு தரம் கடிச்சுப்போட்டுது" என்றார் ராஜேஸ் அக்கா.

"அம்மா, ஹீ இஸ் ஸ்கெயர்ட். நீங்கள் மேலால கையை விடுறீங்கள்" என்றாள் அபி.

"நீ சும்மா இரு. தாய்க்குப் பயப்பிடாததுகள் வளத்தா உப்பிடித்தான் வளரும்."

டொக்டர் தன் முறைப்படி எல்லாம் செய்தார், ஆந்தைக் கதையையும் சொன்னார். உடம்பில் குறையில்லை. இருவரும் உடுத்த பழைய துணியில் ஒரு துண்டை வெட்டிக் கூட்டுக்குள் போடச் சொன்னார், மணம் பழகட்டும் என்று. தனியே இருப்பதால் இன்னும் பயப்படுகிறது, ஒரு துணை வாங்குங்கள் என்றார்.

"ஒண்டையே தாங்க ஏலாமக் கிடக்கு, இதுக்குள்ள சோடி வேறயோ?" என்று ராஜேஸ் அக்கா எழுந்துவிட்டார். "தம்பி, முடிவாச் சொல்லுறன். தைப்பொங்கலுக்குள்ள உது திருந்தாட்டி வேற ஆருக்கும் குடுத்துப்போடுங்கோ. பொங்கலண்டைக்கு இது என்ர வீட்டில இருக்கக் கூடாது."

அபியும் எழுந்தாள். பையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவளுடைய மூக்கு சிவந்திருந்தது. அது குளிரினால் இல்லை.

பொங்கலுக்குச் சில நாட்களே இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெளியே குளிர் மூஞ்சியைப் பிய்த்தது. டொக்டர் உள்ளே ஒரு முயலுக்கு அறுவை செய்துகொண்டிருந்தார். முன்னால் நானும், தன் ஓணானோடு ஒரு வெள்ளைக்காரரும் மட்டும். கதவைத் தள்ளிக்கொண்டு ராஜேஸ் அக்கா வந்தார். கையில் ஒரு ஐஸ்கிறீம் டப்பா. எங்கள் வீடுகளில் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஐஸ்கிறீம் இருந்த சரித்திரம் இல்லை. இந்த டப்பாவின் வெளிப்பக்கத்தில் 'மீன் தலை' என்று எழுதி ஒட்டியிருந்தது. எட்டிப் பார்த்தால், உள்ளே துணிப்பைக்குள் லட்டு. சுருண்டு, விறைத்து, கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

"என்ன நடந்தது அக்கா?"

"கண்ணூறு கழிச்சனான்."

அவர் விக்கி விக்கிச் சொன்னதை நான் கோத்துச் சொல்கிறேன். அபி லட்டுவை வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் பார்த்தது. "இத்தினை பேர் லைக் போட்டாக் கண்ணூறு படாமல் என்ன செய்யும்? அதுதான் கத்துது" என்று மார்க்கம் பக்கத்திலிருந்த ஒன்றுவிட்ட தங்கை போனில் சொல்லியிருக்கிறாள். மகள் அழுதுகொண்டு திரிகிறாளே, பொங்கலுக்கு முன் இதையும் செய்து பார்ப்போம் என்று அக்கா நினைத்திருக்கிறார். செத்தல் மிளகாய், உப்பு, கடுகு எல்லாவற்றையும் கையில் பொத்தி, கூட்டை மூன்று தரம் சுற்றி, அடுப்பில் சட்டியை வைத்து எரித்திருக்கிறார். கண்ணூறு இருந்தால் மிளகாய் மணக்காது என்பார்கள். மணத்ததோ இல்லையோ, புகை போய்விட்டது. வீட்டு அலாரம் அடித்தது. வாசல் கதவைத் திறந்துவிட்டார். உடனே கட்டட அலாரமும் அடித்தது. மாடி முழுக்க, கைக்குழந்தை முதல் ஊன்றுகோல்காரர் வரை, படியால் இறங்கி வாகனத் தரிப்பிடத்தில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது.

"ஓடேக்க உதை விட்டிட்டு ஓடத்தான் நினைச்சனான் தம்பி. பிறகு பிள்ளை வந்து கேட்டா? பையைக் கழட்டி, கையில அம்பிட்ட டப்பாவுக்குள்ள வைச்சுக்கொண்டு ஓடினன். டப்பாவைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டன். காத்து வேற. மூடி எப்ப விழுந்ததோ தெரியாது. பாத்தா, அசைவில்லை."

எங்கள் வைத்தியசாலையில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பிராணி இறந்துவிட்டது என்று சொல்லும் உரிமை டொக்டர் ஒருவருக்கே உண்டு. நான் லட்டுவைத் தொட்டேன். குளிர் என் விரலில் ஏறியது. விரலிலிருந்து மூளைக்கு ஏறியது. மூளை வழக்கம்போல இடத்தைக் காலி செய்துவிட்டு ஓடியது.

"முடிஞ்சுது அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

ராஜேஸ் அக்கா கதிரையில் பொத்தென்று இருந்தார். "அவள் வாறாள் தம்பி. கிளினிக்குக்கு வா எண்டு மெசேஜ் போட்டிட்டன். பஸ்ஸில வந்துகொண்டிருக்கிறாள். போகோணும் போகோணும் எண்டு நான் ஒவ்வொரு நாளும் கத்தினனான். இப்ப நான் வேணுமெண்டு சாகடிச்சுப்போட்டன் எண்டுதான் நினைப்பாள். நான் சாகும்வரைக்கும் நினைப்பாள். தம்பி, வயசு போய்ச் செத்ததெண்டு சொல்லுங்கோ."

"அதுக்கு ரெண்டு வயசும் ஆகேல்லை அக்கா."

"அவளுக்கு ஆர் சொன்னது?"

"அவதானே வாங்கினவ!"

இருவரும் அழுதோம். அவர் அழுததற்குக் காரணம் இருந்தது. நான் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் வேறு வேலை தெரியவில்லை. ஓணான்காரர் எழுந்து எங்களுக்கு ஒரு பெட்டி டிஷ்யூவைக் கொண்டுவந்து தந்தார்.

இறந்த பிராணிகளைப் பின்னால் இருக்கும் உறைபெட்டியில் வைப்பது வழக்கம். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். உறைபெட்டியின் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வைக்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போது, அறுவை அறைக் கதவு வழியாக டொக்டர் தலையை நீட்டினார்.

"அது என்ன, உன் சாப்பாடா?"

"நோயாளி" என்றேன்.

டொக்டர் கையுறையைக் கழற்றினார். டப்பாவை என்னிடமிருந்து வாங்கினார். லட்டுவைத் துணியோடு உள்ளங்கையில் ஏந்தி, சின்ன ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு என் இதயம் மட்டும்தான் கேட்டது. அது ஓணான்காரருக்கும் கேட்டிருக்கும்.

"இறந்துவிட்டதென்று யார் சொன்னது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"இதயம் அடிக்கிறது. மிக மெதுவாக. குளிர் தாங்க முடியாமல் போனால் இவை உடம்பை விளக்குப்போல இப்படி அணைத்து வைத்துக்கொள்ளும். சூடாக்கிப் பார்த்தும் எழும்பாவிட்டால் மட்டும் எனக்குச் செய்தி சொல்லு. உறைபெட்டியை மூடு."

நான் மூடினேன்.

சூடு மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். சுடுதண்ணீர்ப் போத்தல் கூடாது, ஹீட்டர் கூடாது. உடம்புச் சூடு, தோலோடு தோல். டொக்டருக்கு உள்ளே முயல் மயக்கத்தில் காத்திருக்கிறது, தையல் போட வேண்டும். என் கையைத் தொட்டுப் பார்த்து, "நீ இதைவிடக் குளிர்" என்றார். பிறகு முன்னால் வந்து ராஜேஸ் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, உயிர் இருக்காம். நீங்கள் நெஞ்சோட வைச்சிருக்கோணுமாம்."

"நானோ? ஐயோ, எனக்கு உதைத் தொட ஏலாது தம்பி. கடிக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். டொக்டர், "கடித்தால் மிகவும் நல்லது" என்றார்.

"கடிச்சா நல்லதாம் அக்கா."

"என்ன விசர் டொக்டர் இவ!" என்றார் அக்கா. ஆனால் கை ஏற்கெனவே ஜாக்கெட் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பினார். எங்கள் பெண்கள் காசு முதல் கோயில் திருநீற்றுப் பொட்டலம் வரை வைக்கும் அந்த இடத்தில், சட்டைக்குள், லட்டு போயிற்று. குளிர் பட்டதும் "சிவனே" என்றார். மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே ஜாக்கெட். இரண்டு கையையும் மேலே பொத்திக்கொண்டு இருந்தார். டொக்டர் உள்ளே போய்விட்டார்.

"எழும்படா" என்று ராஜேஸ் அக்கா தன் கழுத்துப்பட்டிக்குள் குனிந்து சொன்னார். "எழும்படா குரங்கே. பிள்ளை வாறாள். போ எண்டு சொன்னனான்தான். இப்பிடிப் போகச் சொல்லேல்லை. எழும்பு ராசா, எழும்பு."

நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் அபி இறங்கக்கூடாது என்று வேண்டினேன். என் வாழ்நாளில் பஸ் தாமதமாக வேண்டுமென்று நான் கும்பிட்டது அன்று மட்டும்தான்.

"தம்பி, நடுங்குது! சாகப்போகுது!"

நான் ஓடிப்போய் அறுவை அறைக் கதவில் இரண்டு கையாலும் அடித்தேன். "நடுங்குகிறது!"

"நடுங்கினால் நல்லது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதவை உடைக்காதே."

திரும்பி ஓடி வந்தேன். அப்போதுதான் அக்காவின் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் எழும்பியது. முதலில் கரகரவென்று, பற்றரி இறங்கிய வானொலி மாதிரி. பிறகு முழுச் சத்தத்தில். ஓணான்காரர் தன் கூட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று கதிரை தள்ளிப் போய் இருந்தார். ராஜேஸ் அக்கா அசையவில்லை. வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"கத்துது தம்பி. கத்துது!" ஒரு நொடி கழித்து, "ஆ! கடிச்சுப்போட்டுது!" என்றார். கடி வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்த இன்னொருவரை நான் என் சேவைக் காலத்தில் சந்திக்கவில்லை.

டொக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விரலில் சீனித்தண்ணீர் தொட்டு ஜாக்கெட் வாயில் நீட்டினார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன நாக்கு வந்து நக்கிவிட்டுப் போனது. "இந்தச் சத்தம் கோபம் இல்லை, பயம் என்று மறுபடியும் சொல்லு. பயந்தபோது நீயும் இவளும் போட்ட சத்தத்தை நான் உள்ளேயிருந்து கேட்டேன் என்றும் சொல்லு" என்றார். சொன்னேன். ராஜேஸ் அக்கா தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. அபி தொப்பியில் பனியோடு ஓடி வந்தாள்.

"அம்மா! வாட் ஹாப்பின்ட்? லட்டு எங்க?"

அக்காவின் வாய் என்ன சொல்லப்போகிறது என்று நான் பார்த்தேன். வயசு என்று சொல்லலாம், கண்ணூறு என்று சொல்லலாம். உயிர் பிழைத்துவிட்டதால் ஒன்றுமே சொல்லாமலும் விடலாம். அவர் ஒரே மூச்சில் சொன்னார்:

"மிளகாய் எரிச்சனான். பெல் அடிச்சுது. வெளியில கொண்டு போனனான், மூடி விழுந்திட்டுது, விறைச்சுப்போச்சுது. நான்தான் பிள்ளை. வேணுமெண்டு செய்யேல்லை."

அபியின் முகம் ஒன்றுக்கும் அசையவில்லை. "லட்டு எங்க?" என்று மட்டும் மறுபடி கேட்டாள். அக்கா ஜாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். அபிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும், அம்மாவின் கழுத்துப்பட்டி வழியாக மேலிருந்து கையை விட்டாள். உள்ளே மல்லி அரைபட்டது. ராஜேஸ் அக்கா பளாரென்று அவளுடைய கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மேலால கையைக் கொண்டு வராத! ஆந்தை எண்டு நினைக்கும்."

"ஹூ டோல்ட் யூ தட்?"

"ஏன், எனக்குத் தெரியாதோ? கோவத்தில கத்தேல்லை உது. பயத்தில கத்துது. இத்தினை நாள் வளக்கிறாய், உதுகூடத் தெரியாது."

அபி என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"சரி அம்மா, தாங்கோ. நான் கொண்டு போறன்."

"வேண்டாம். இப்பதான் சூடு பிடிச்சிருக்கு. வீட்டை போய்ப் பாப்பம்."

"பட் நீங்கள் பொங்கலுக்குள்ள எண்டு..."

"பொங்கல் வரட்டும். உதுக்கும் ஒரு வாய் பொங்கினாப் போச்சு." அக்கா எழுந்தார். "தனிய இருக்கிறதுதான் உதுக்கு வருத்தம் எண்டு டொக்டர் அப்பவே சொன்னவ எல்லே. துணை ஒண்டு பாக்கோணும். உனக்குப் பாக்கிறதுக்கு முதல் உதுக்குப் பாக்கிறன், அது உன்னைப் போல நூறு குறை சொல்லாது."

"பொங்கல் குடுக்க ஏலாது அம்மா, அவன்ர டயட்..." என்று தொடங்கிய அபி முடிக்கவில்லை. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துவிட்டாள், நெஞ்சுப் பக்கம் படாமல், கவனமாக.

அக்கா அவளுடைய தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டார். பிறகு கதவருகில் நின்று, டொக்டரையும் என்னையும் பார்த்து, ஜாக்கெட்டின் மேல் கையை வைத்துச் சொன்னார்:

"பாத்தீங்களே தம்பி, அவளைக் கண்டு கத்தினது என்னோட சத்தமில்லாமல் கிடக்கு. உதுக்கு உண்மையில என்னைத்தான் பிடிக்கும். இவ்வளவு நாளும் சொல்லத் தெரியாமல்தான் கத்தியிருக்கு."

பிழை. முழுப் பிழை. அது களைத்துப்போய், இருட்டிலும் சூட்டிலும் கிடந்தது. அந்த ஜாக்கெட்டுக்குள் ஓணான்காரர் இருந்திருந்தாலும் அப்படியேதான் கிடந்திருக்கும். இந்த ஒரு வசனத்தைத் திருத்துவதற்காகவே டொக்டர் யூனிஸ் தன் தொழில் வாழ்க்கையில் பாதியைச் செலவழித்திருக்கிறார்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

"பஸ் எப்போது வருமென்று கேட்கிறார்" என்றேன்.

"பஸ்ஸைக் கேட்பதற்கு ஏன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறாள்?"

"எங்கள் ஆட்கள் அப்படித்தான் டொக்டர்."

டொக்டர் யூனிஸ் ராஜேஸ் அக்காவைப் பார்த்தார். ஜாக்கெட்டைப் பார்த்தார். திருத்துவதற்காக வாயைத் திறந்ததை நான் கண்டேன்.

"வெளியே குளிர். டாக்ஸியில் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவ உள்ளே போனார்.